அந்த அம்மிப் பதிவை அனுப்புங்கள்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன், பாலர் பள்ளி ஆசிரியர். இரண்டு ஆண்டுகளாக வலைப்பூ ஒன்றில் தேக்கா சந்தை, சமையல், அம்மா சொல்லும் பழைய கதைகள் என்று 61 பதிவுகள் எழுதியிருக்கிறேன். ஒரு பதிவை இருபது பேர் படித்தாலே அதிகம். அவர்களிலும் பாதிப் பேர் உறவினர்கள். பினாங்கு, மதுரை, யாழ்ப்பாணம், டொராண்டோ எனப் பல ஊர்ப் பதிவர்கள் சேர்ந்து மாதம் ஒரு தொகுப்பு வெளியிடுகிறார்கள். மாதத்துக்கு ஒருவர் தலைப்புக் கொடுத்து, வந்த பதிவுகளை அறிமுகம் செய்து, சுட்டிகளோடு தம் வலைப்பூவில் போடுகிறார். என்னையும் அழைத்திருக்கிறார்கள். அடுத்த மாதத் தலைப்பு ‘வீட்டுப் பழம்பொருள்’. மூன்றாம் மாதத் தொகுப்பை நானே செய்ய வேண்டுமாம். “உன் வாசகர்களை அவர்களிடம் தூக்கிக் கொடுக்கப் போகிறாய்” என்கிறார் என் கணவர். என் எழுத்தைப் பெயரில்லாமல் யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்களோ என்ற பயமும் இருக்கிறது. கடைசியாக எழுதிய சந்தைப் பதிவை அனுப்பலாம் என்று நினைத்திருக்கிறேன். சேரலாமா?

– ஈசூன் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

சேருங்கள். ஆனால் சந்தைப் பதிவை அனுப்பாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணவரின் கவலை. அவர் உங்கள் நலம் நினைத்துத்தான் சொல்கிறார். ஆனாலும் வாசகர்கள் அப்படி இடம் மாறுவதில்லை. நல்ல எழுத்தைத் தேடுகிறவர் ஒரு வீட்டோடு நிற்பதில்லை, நாலு வீட்டு வாசலுக்கும் போய்வருவார். உங்கள் அத்தை பினாங்குப் பதிவரையும் படிப்பார், உங்களையும் படிப்பார். பினாங்குப் பதிவரை ஐந்து ஆண்டுகளாகப் படித்துவரும் ஒருவர், உங்களைப் பற்றி இதுவரை கேள்விப்பட்டதே இல்லையே, அவருக்கு உங்களை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நாம் இருக்கும் ஊரின் அளவையும் பாருங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு. 2010-இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. அவர்களிலும் தமிழில் விரும்பிப் படிப்பவர், அதிலும் சமையலும் பழைய கதையும் படிப்பவர் என்று வடிகட்டிக்கொண்டே போனால் எஞ்சுவது சிறிய கூட்டம். சிங்கப்பூருக்குள் மட்டும் வாசகரைத் தேடினால், தெரிந்தவர்களையே திரும்பத் திரும்பச் சந்தித்துக்கொண்டிருப்போம். உங்கள் எழுத்துக்கு மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஆள் இருக்கிறது. அவர்களிடம் போகத் தனியாக ஒரு பாதை வெட்ட வேண்டியதில்லை.

இதில் நமக்கு ஒரு முன்கதையும் உண்டு. தமிழ் எழுத்து இணையத்தில் ஏறிய மிக முந்திய பக்கங்களில் ஒன்று சிங்கப்பூரில் உருவானது. 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தளம் அது. தமிழைத் திரையில் கொண்டுவர உழைத்தவர் நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அந்தத் தளம் தனி ஒருவரின் கவிதைக்காக எழுந்ததன்று. நான்கு மொழிக் கவிஞர்களின் கவிதைகள் ஒன்றாக வந்த தொகுப்பு அது. மலாய்க் கவிதையைத் தேடி வந்தவர் கண்ணில் தமிழ் எழுத்தும் பட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. காகிதத்திலும் இப்படித்தான் நடந்தது. 1950-களில் தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியில் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதிய பிள்ளைகள் ஒருவரையொருவர் படித்து வளர்ந்தார்கள். பின்னாளில் இங்கே பெயர் சொல்லும்படி எழுதியவர்களில் பலர் அந்தப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்.

வலைப்பூக்களுக்கான சுழல் தொகுப்பு 2002-இல் அமெரிக்கப் பதிவர் ஒருவர் தொடங்கிய ‘கார்னிவல் ஆஃப் தி வேனிட்டீஸ்’ வழியாகப் பரவியது. வாரம் ஒருவர் வீட்டில் விருந்து என்ற ஏற்பாடு. தமிழில் நமக்கு அதிகம் பழக்கமானவை திரட்டிகள், அதாவது பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளைத் தானாகச் சேர்த்துக் காட்டும் தளங்கள். 2004-இல் வந்த தமிழ்மணம் அவற்றில் பெரியதாக இருந்தது. திரட்டியும் தொகுப்பும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். நான் திரட்டிக் காலத்தில் எழுதத் தொடங்கியவள். திரட்டியில் உங்கள் பதிவு எல்லாருக்கும் மேலே நிற்கும், அடுத்த பதிவு வரும்வரை. இரவு பத்து மணிக்குப் போட்டதைக் காலையில் மூன்றாம் பக்கத்தில் தேட வேண்டியிருக்கும். அது இயந்திரம், புதியது எது என்று மட்டுமே அதற்குத் தெரியும். தொகுப்பிலோ ஒரு மனிதர் உங்கள் பதிவைப் படித்து, அதில் தமக்குப் பிடித்ததை இரண்டு வரியில் சொல்லி, தம் வாசகரிடம் “இதைப் படியுங்கள்” என்று கையில் கொடுக்கிறார். அந்த இரண்டு வரிதான் உங்களுக்குக் கிடைக்கும் செல்வம். அது தரமாக அமைய நீங்கள் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

உங்கள் 61 பதிவுகளையும் இரண்டு மாலைகளில் படித்து முடித்தேன். கடைசியாக எழுதிய சந்தைப் பதிவில் குறை ஒன்றும் இல்லை. முருங்கைக்காய் விலை, எந்தக் கடையில் கீரை பசுமையாக இருந்தது என்பதெல்லாம் ஈசூனிலிருந்து தேக்காவுக்குப் போகிறவருக்குப் பயன்படும். டொராண்டோவில் இருப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் விலை மாறினால் இங்குள்ளவருக்கும் இல்லை. அதோடு, ‘வீட்டுப் பழம்பொருள்’ என்ற தலைப்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு? புதிதாக எழுதியது என்ற ஒரே காரணத்துக்காகத் தலைப்புக்கு ஒட்டாத பதிவை அனுப்புவதுதான் இத்தகைய தொகுப்புகளில் பெரும்பாலோர் செய்யும் பிழை. தொகுப்பவர் அதைக் கடைசியில் ‘மேலும் சில பதிவுகள்’ என்ற வரிசையில் வைப்பார். அங்கே யாரும் வரமாட்டார்கள்.

உங்களிடம் அம்மிப் பதிவு இருக்கிறது. செம்பவாங்கிலிருந்து ஈசூன் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது உங்கள் அம்மா அம்மியைத் துணியில் சுற்றி லாரியில் தம் காலடியிலேயே வைத்துக்கொண்டு வந்த கதை. கீழ்வீட்டுச் சீனப் பாட்டி முதல் நாளே மாடியேறி வந்தது, அம்மா பதறிப்போய் அடியில் அரிசிச் சாக்கை நான்காக மடித்துப் போட்டது, பிறகு அந்தப் பாட்டியே மிளகாய் அரைத்துத் தரச் சொல்லிக் கிண்ணத்தோடு வந்து நின்றது. படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மதுரையில் அம்மி பார்த்து வளர்ந்தவருக்கும் யாழ்ப்பாணத்தில் அம்மியை விட்டுவிட்டுக் கிளம்பியவருக்கும் இது நெஞ்சில் படும். சிங்கப்பூரை அறியாதவர் இந்தப் பதிவின் வழியாக ஈசூனின் ஏழாவது மாடியைத் தெரிந்துகொள்வார். இதை நீங்கள் எழுதி ஒன்றரை ஆண்டு ஆகிறது, படித்தவர் பதினொரு பேர். பழைய பதிவு என்று தயங்காதீர்கள். படிக்காதவருக்கு எல்லாப் பதிவும் புதியதே. தொகுப்பவரிடம் பழைய பதிவு ஏற்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அது மரியாதை.

ஆனால் அனுப்புமுன் தொடக்கத்தை வெட்டியாக வேண்டும். இப்போது அது இப்படித் தொடங்குகிறது: “அனைவருக்கும் வணக்கம். வேலைப் பளுவால் சில வாரங்களாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். இன்று நம் முன்னோர் பயன்படுத்திய ஓர் அரிய பொருளைப் பற்றிப் பார்க்கலாம்.” உங்கள் சித்தப்பாவுக்கு இது சரி. அவருக்கு உங்களைத் தெரியும், எழுதாத வாரங்களில் உங்களைத் தேடியிருப்பார். தொகுப்பின் வழியாக முதல் தடவை வருகிறவருக்கு நீங்கள் யார் என்றே தெரியாதபோது எதற்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்று புரியாது. ரயிலில் நின்றுகொண்டு கைப்பேசியில் படிக்கிறவர் இரண்டாம் வரியிலேயே போய்விடுவார். உங்கள் நான்காவது வரி என்ன தெரியுமா? “ஏழாவது மாடியில் அம்மி அரைத்தால் ஆறாவது மாடியில் இடி இடிக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாது.” முன்னால் இருக்கும் மூன்று வரிகளையும் எடுத்துவிட்டு அதிலிருந்தே தொடங்குங்கள். இந்த வரியை எழுதத் தெரிந்தவருக்கு வேறு முன்னுரை தேவையில்லை. கடைசியில் இருக்கும் “அம்மியில் அரைப்பது உடலுக்கு நல்லது” என்ற பத்தியும் வேண்டாம். சீனப் பாட்டி கிண்ணத்தோடு வந்து நிற்கும் இடத்துக்குப் பிறகு வாசகர் வேறு எதையும் கேட்க விரும்பமாட்டார்.

அனுப்பும்போது வலைப்பூவின் முகப்புச் சுட்டியைக் கொடுக்காதீர்கள், அந்தப் பதிவின் சுட்டியையே கொடுங்கள். சிறிய விஷயமாகத் தெரியும், ஆனால் நான் தொகுப்பாளராக இருந்த மாதங்களில் வந்தவற்றில் பாதி முகப்புச் சுட்டிகள்தாம். அடுத்த வாரம் நீங்கள் வேறொன்று எழுதியதும் முகப்பில் அது ஏறிவிடும். அம்மியைத் தேடி வந்தவர் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். சுட்டியோடு, பதிவு எதைப் பற்றியது என்று நீங்களே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். தொகுப்பவர் அதை அப்படியே போடாமல் இருக்கலாம், ஆனால் அவருக்குப் பிடி கிடைக்கும். கடைசி நாள்வரை காத்திராமல் நான்கு நாள் முன்னதாக அனுப்புங்கள். முதலில் வருவதை நிதானமாகப் படிப்பார்கள். கடைசி இரவில் வருபவற்றை மேலோட்டமாகத்தான் பார்க்க முடியும், அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்.

விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்ட வேண்டாமா? உங்கள் பதிவின் முடிவில் இப்போது ஒன்றும் இல்லை. படித்து உருகிப்போன ஒருவர் அடுத்து எங்கே போவார்? அம்மிப் பதிவின் கீழே உங்கள் பதிவுகளில் இரண்டை மட்டும் கைகாட்டுங்கள். செம்பவாங் தண்ணீர்க் குழாய்ப் பதிவும், அம்மாவின் ரேடியோ பற்றியதும் என் தேர்வு. பத்துச் சுட்டி வைத்தால் ஒன்றையும் தொடமாட்டார்கள். புதிய பதிவு வந்தால் மின்னஞ்சலில் பெறும் பெட்டி பக்கத்தின் அடியாழத்தில் ஒளிந்திருக்கிறது, மேலே கொண்டுவாருங்கள். உங்களைப் பற்றிய பக்கம் இரண்டு ஆண்டுகளாக ‘விரைவில்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பெயர், ஊர், எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று மூன்று வரி போதும். பிறகு அந்தப் படங்கள். கைப்பேசியில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள், ஒவ்வொன்றும் திறக்க நெடுநேரம் ஆகிறது. அளவைக் குறைத்து ஏற்றுங்கள், சில நூறு கிலோபைட் தாராளம்.

இனி, நான் மிக முக்கியமாக நினைப்பது. எழுதத் தொடங்கிய காலத்தில் ஒரே பதிவை ஒரே வாரத்தில் மூன்று தொகுப்புகளுக்கு அனுப்பினேன். மூன்றிலும் வந்தது. நான் ஒன்றில்கூட மற்றவர் பதிவைத் திறந்து பார்க்கவில்லை, என் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இரண்டு நாள் சிலர் வந்தார்கள், பிறகு யாரும் இல்லை. தொகுப்பினால் பயனில்லை என்று முடிவு கட்டினேன். அது என் தவறு. தொகுப்பில் உங்களுக்குக் கிடைக்கும் முதல் வாசகர்கள், அதில் உங்களோடு எழுதுகிற அந்தப் பத்துப் பதினைந்து பேர்தான். அவர்கள் வெறும் பதிவர்கள் அல்லர், நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள். ஒவ்வொருவரையும் சுற்றி ஒரு வாசகர் கூட்டம் இருக்கிறது. அவர்களில் நால்வர் உங்களை விரும்பிப் படிக்கத் தொடங்கினால், அடுத்த ஆண்டு முழுவதும் அவர்கள் எழுத்தில் உங்கள் பெயர் தானாக வந்துகொண்டிருக்கும்.

ஆகவே தொகுப்பு வந்த அன்று எல்லாப் பதிவையும் படியுங்கள். பிடித்த மூன்று நான்கிற்குப் பின்னூட்டம் எழுதுங்கள். “அருமை, வாழ்த்துகள்” என்று எழுதுவதை அந்தக் காலத்தில் மொய் என்றே சொல்வோம். நீ எனக்கு எழுதினாய், நான் உனக்கு எழுதினேன், கணக்குத் தீர்ந்தது என்ற வகை. அப்படி வேண்டாம். எந்த வரியில் நின்றீர்கள், அது உங்கள் வீட்டில் எதை நினைவூட்டியது என்று எழுதுங்கள். யாழ்ப்பாணத்தவர் மூக்கு வைத்த குவளையான மூக்குப்பேணியைப் பற்றி எழுதியிருந்தால், அதில் தண்ணீர் குடிக்கும்போது வாய் படாமல் எப்படிக் குடிப்பது என்று உண்மையாகவே கேளுங்கள். பதில் வரும், அந்தப் பதிலில் பழக்கம் தொடங்கும். உங்கள் வலைப்பூவிலும் அந்த மாதத் தொகுப்பைப் பற்றி ஒரு குறும்பதிவு போட்டு, அங்கே சுட்டி கொடுங்கள். பிடித்ததற்கு மட்டும் கொடுங்கள். நீ எனக்கு நான் உனக்கு என்று கணக்கு வைத்து எல்லாரும் எல்லாருக்கும் சுட்டி கொடுத்துக்கொள்வதை கூகுள் போன்ற தேடுபொறிகள் ஏமாற்று வேலையாகவே பார்க்கின்றன.

திருட்டுப் பயம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுட்டியும் இரண்டு மூன்று வரி மேற்கோளும் எடுத்துக்கொள்ளலாம், முழுப் பதிவையும் வேறிடத்தில் இடக்கூடாது என்று அனுப்பும் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். முழுதாக இரண்டு இடத்தில் இருந்தால் தேடுபொறி பெரும்பாலும் ஒன்றைத்தான் காட்டும், அது உங்களுடையதாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பெயரைப் பொறுத்தவரை சட்டம் உங்கள் பக்கம். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பைப் பொதுவில் பயன்படுத்துகிறவர் படைத்தவர் பெயரைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. மற்ற நாடுகளில் இருப்பவர்களை நட்போடு கேட்டாலே பெரும்பாலும் போதும்.

மூன்றாம் மாதம் நீங்களே தொகுப்பதற்கும் சரி சொல்லுங்கள். பாலர் பள்ளியின் ஆண்டிறுதிப் பட்டமளிப்பு விழா வரும் மாதமாக இருந்தால் மட்டும் வேறு மாதம் கேளுங்கள், அந்த வாரங்களில் உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தொகுப்பவருக்கு வேலை அதிகம், வரும் பயனும் அதிகம். பதினைந்து பதிவர்களும் தத்தம் வாசகரை அந்த ஒரு நாள் உங்கள் வாசலுக்கு அனுப்பிவைக்கிறார்கள்.

தலைப்பை எல்லா ஊராரும் எழுதும்படி வையுங்கள். ‘சிங்கப்பூர் உணவு’ என்றால் டொராண்டோக்காரர் என்ன செய்வார்? உங்கள் பழைய பதிவு ஒன்றிலேயே நல்ல தலைப்பு இருக்கிறது. தேக்காவில் கங்கோங் வாங்கிய அன்று, ஊரிலிருந்து வந்திருந்த மாமி அது என்ன கீரை என்று கேட்டதும், மலாய்ப் பெயரைத் தவிர வேறு தெரியாமல் நீங்கள் விழித்ததும், பிறகு அது வள்ளைக்கீரை என்று கண்டுபிடித்ததும். ‘சந்தையில் கற்ற ஒரு சொல்’ என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சந்தை, ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு சொல். எனக்கே இப்போது எழுத வேண்டும் போலிருக்கிறது.

வெளியிடும் நாளுக்கு ஐந்து நாள் முன்பே வரவை மூடிவிடுங்கள். ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை படியுங்கள். அறிமுகத்தில், படித்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். “இவர் தம் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறார்” என்பதைப் படிக்காமலே எழுதலாம். “பாட்டி போன பிறகும் அந்தப் பெட்டியில் சுண்ணாம்பு காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளித்துவந்த தாத்தாவை இதில் சந்திப்பீர்கள்” என்று எழுதிப் பாருங்கள், சுட்டியைத் தொடாமல் யாரும் போகமாட்டார்கள். எழுதியவரும் உங்களை மறக்கமாட்டார். பிரபலமானவரை முதலில் வைக்க வேண்டும் என்பதில்லை, சிறந்ததை முதலில் வையுங்கள். இதுவரை யாரும் கவனிக்காத ஒருவருக்கு நல்ல இடம் கொடுங்கள். விளம்பரமாக வரும் பதிவை, பல்பொடி விற்பனையாக இருந்தாலும் மசாலா விற்பனையாக இருந்தாலும், பணிவாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒன்றை விட்டால் அடுத்த மாதம் ஐந்து வரும்.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வெளியிட்டால் பினாங்கில் அதே நேரம், மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை ஐந்தரை, டொராண்டோவில் காலைக் காப்பி நேரம். வெளியானதும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு வரி எழுதித் தெரிவியுங்கள்.

எண்ணிக்கையைப் பார்த்து மனம் தளராதீர்கள். தொகுப்பு வந்த இரண்டு மூன்று நாள் வருகை ஏறும், பிறகு இறங்கும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் இரண்டாவது பதிவையும் திறந்தார்கள், எத்தனை பேர் மின்னஞ்சல் கொடுத்தார்கள் என்று குறித்து வையுங்கள். முதல் மாதத்தில் அப்படி ஐந்து பேர் கிடைத்தால் அது நல்ல தொடக்கம். நான்கைந்து மாதம் ஆகியும் அந்தக் குழுவில் ஒருவரையொருவர் படிக்கவே இல்லை என்று தெரிந்தால், நன்றி சொல்லி விலகி வேறு குழு தேடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த அம்மி இப்போது எங்கே இருக்கிறது? பதிவில் நீங்கள் சொல்லவே இல்லை. படித்து முடித்ததும் எனக்கு முதலில் எழுந்த கேள்வி அதுதான். அம்மாவிடம் கேட்டு, அனுப்புமுன் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.